நகச்சுற்று

பதினொண்ணாம் நம்பர் உள்ள போயி எம்புட்டு நேரமாச்சு, இன்னும் வெளிய வரக்காணோம். அப்படி என்னத்தப் பேசுவாங்களோ. மாவுக்கட்டோட போன ஆளு, இன்னும் பத்து நாள் இருக்கட்டும்னு சொல்லி அனுப்ப வேண்டியதுதான. நமக்குப் பதினேழு. நடுவுல அஞ்சு பேரு. அந்த அஞ்சு பேரும் போயிட்டு வர்றதுக்குள்ள நான் ஒரு முடிவுக்கு வந்தாகணும், டாக்டரம்மாகிட்ட அதச் சொல்றதா வேண்டாமான்னு. சொல்றதுன்னா சுபா பக்கத்துல இருக்கக் கூடாது. அவளா, பெத்த மகள்னு பேரு, பசை போட்டு ஒட்டுன மாதிரி ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. ராஜபாளையத்துலருந்து காலைல மொத பஸ்ஸப் புடிச்சு மதுரைக்கு வந்திருக்கா, பிள்ளைய மாமியார்கிட்ட விட்டுட்டு. வர வேண்டாம்டீ, ஒரு விரலுக்கு எதுக்குடீ ஆளுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? ஆஸ்பத்திரில குடுத்த பாரத்தக் கூட என்னைய எழுத விடல. அம்மா, உன் கைல எப்படி எழுதுவன்னு புடுங்கி அவளே எழுதிட்டா. பேரு தங்கபுஷ்பம். வயசு ஐம்பத்தேழு. சுகர் எட்டு வருஷம். முன்னாடி செஞ்ச ஆபரேஷன், கர்ப்பப்பை. குண்டு குண்டா எழுதிக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்து உக்காந்துட்டா. பொய்ய எழுதுறோம்னு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் பாத்துக்கிட்டே சும்மா இருந்தேன்.

விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கையத் தூக்கி வச்சா வலி கொறையும்னு சுபா சொன்னா, அதான் பள்ளிக்கூடத்துல கை தூக்குன மாதிரி தூக்கிக்கிட்டு இருக்கேன். எதுத்தாப்ல இருக்குற ஆளு என்னையவே பாக்குறாரு. பாருய்யா, நல்லாப் பாரு. ஆவணி கடைசில ஆரம்பிச்சது. சிவகாசில காலண்டர் யூனிட்டுல தாள் அடுக்குறவ நான். தெனசரி காலண்டர். அடுக்குன தாள கட்ட விரலால சர்ருனு விட்டுப் பாக்கணும், ஒரு தாள் மடங்கியிருந்தாலும் விரலுக்குத் தெரிஞ்சுரும். இருவத்திரண்டு வருஷமா இந்த விரலுதான் சோறு போடுது. தாள் ஓரம் வெட்டாத நாளே கெடையாது. அதனால நகக்கண்ணுல செவந்து வீங்குனப்ப நான் பெருசா எடுத்துக்கல. பக்கத்து மேசை மாரீஸ்வரி பாத்துட்டு, இது நகச்சுத்துதான்க்கான்னு ஒரு எலுமிச்சம்பழத்த எடுத்து, ஓட்டை போட்டு, உள்ள மஞ்சளும் உப்பும் வச்சு விரல்ல சொருகிவிட்டா. சுரீர்னு ஏறுச்சு பாரு, உச்சி மண்டைக்கு. ஏறட்டும்க்கா, ஏறுனாத்தான் பழுத்து ஒடையும்னா. ஒரு பழம் ரெண்டு நாளைக்கு வரும். காஞ்சு சுருங்குனதும் அடுத்தது. என்னக்கா விரலுக்குத் தொப்பி போட்டாச்சான்னு யூனிட்டே சிரிச்சுச்சு, நானும் சேந்து சிரிச்சேன். அஞ்சு வாரம் பழத்தோடயே சமச்சேன், பழத்தோடயே தூங்குனேன். பழுக்கவும் இல்ல, ஒடையவும் இல்ல. அப்புறம் எங்க ஊரு டாக்டர் கீறிப் பாத்தாரு. சீழு ஒரு சொட்டு வரல, ரத்தம் மட்டும் கொடகொடன்னு கொட்டுச்சு. ஊசி போட்டாரு, மாத்திர குடுத்தாரு, கடைசில எக்ஸ்ரே படம் எடுத்துட்டு வாங்கன்னாரு. படத்தத் தூக்கிப் பாத்தவரு, வெளிச்சத்துல திருப்பி வச்சு இன்னொரு தடவ பாத்தாரு. எலும்ப அரிச்சிருக்கும்மா, மதுரைல எலும்பு டாக்டர்கிட்ட காட்டிருங்கன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டாரு.

அந்தப் படம் என் மடியிலதான் கெடக்கு. நேத்து எங்க வீட்டுக்காரரு லோடு ஏத்தப் போனதுக்கப்புறம் ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். நாலு விரல் நுனியும் பளிச்சுனு வெள்ளையா இருக்கு. கட்ட விரல் நுனில எலும்பு இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணுமில்ல, எலி கொறிச்சுட்டுப் போன மாதிரி இருக்கு. சுகர் ஒடம்பு. புண்ணு ஆறாது, எலும்ப அரிக்கும். பால்கார மூக்காண்டிக்குக் கால் விரல எடுக்கலயா, இப்பவும் சைக்கிள் மிதிச்சுக்கிட்டுத்தான திரியுறாரு. சுகர்தான். சுகர்னு வச்சுக்கோ புஷ்பம், வேற எதையும் நெனைக்காத. நெனைக்காதன்னதும் அதுதான் மொத ஆளா வந்து நிக்குது. அது பெருங்குடல்ல வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னாடி வந்தது. வெட்டி எறிஞ்சாச்சு. குடல் எங்க இருக்கு, கட்ட விரல் எங்க இருக்கு. வயித்துல இருந்தது தோளேறி, கையிறங்கி, கடைசி நுனிக்கு எதுக்கு வரப்போகுது? நடுவுல தங்குறதுக்கு எடமா இல்ல? அன்னைக்கு அந்தப் பெரிய டாக்டரும் சொன்னாரே, திரும்ப வந்தா ஈரலுக்குப் போகும்மா, நுரையீரலுக்குப் போகும், அதனால விடாம வந்து காட்டணும்னு. விரலுக்குப் போகும்னு சொன்னாரா? சொல்லல. நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன், விரல்ங்கிற பேச்சே அவரு வாயில வரல. டாக்டரே சொல்லாத எடத்துக்கு அது எப்படிப் போகும். போகாது. ஆனா ரத்தம் எல்லா எடத்துக்கும்தான போகுது. ச்சீ, வாய மூடு. வாய எங்க தொறந்தேன், உள்ளதான பேசிக்கிட்டு இருக்கேன். சரி, புண்ணுன்னா தோளுக்குக் கீழ கம்புக்கூட்டுல நெறி கட்டணுமா இல்லயா? கால்ல ஒரு முள்ளு குத்துனாக் கூட தொடையில நெறி கட்டும். இதுக்குக் கட்டல. பத்து தடவ அமுக்கி அமுக்கிப் பாத்துட்டேன், கட்டல. காய்ச்சலும் அடிக்கல. அப்ப இது புண்ணு இல்லயா? இல்லன்னா என்னது? சுகர்தான், சுகர்தான். இந்த எடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து நிக்குறேன். கால் மரத்துப் போச்சு.

பன்னெண்டு வந்துட்டா. பதிமூணு போனதும் தெரியல வந்ததும் தெரியல. இப்ப மட்டும் என்ன அவசரமாம் இந்த டாக்டருக்கு. கர்ப்பப்பைன்னு சொன்னது என் யோசனைதான், எங்க வீட்டுக்காரரு மேல பழி போட மாட்டேன். அவரு பாவம், ராஜமணின்னு பேரு வச்சிருக்காரே தவிர ஒண்ணுக்கும் வாயத் தொறக்க மாட்டாரு. சுபா அப்ப கோயமுத்தூர்ல வேலைல இருந்தா. ராஜபாளையத்துலருந்து நல்ல எடம் பேசி வந்திருக்கு, பூ வைக்கத் தேதி பாக்குறாங்க, எனக்கு வயித்துல கத்தி வைக்கணும்ங்குறாங்க. என்ன செய்யச் சொல்ற? ஆத்தாளுக்கு வந்தா மகளுக்கும் வரும்னு ஒரு வாய் பேசுனாப் போதும், அந்த எடம் அன்னைக்கே போச்சு. கர்ப்பப்பைன்னு சொன்னா எவளும் மேல கேக்க மாட்டா. தெருவுல பாதிப் பேரு எடுத்தவங்கதான். ஆம்பளைங்க காத பொத்திக்குவாங்க. தழும்பும் அதே எடத்துலதான். இதவிட வசதியான பொய் ஒலகத்துல உண்டா? மகள்கிட்டயும் அதத்தான் சொன்னேன். அவளுக்கு மனசுல ஒண்ணு வச்சுக்கத் தெரியாது, கட்டிக்கப் போறவன்கிட்ட மொத வேலையா ஒளறி வச்சிருவா. ஆபரேஷனுக்கப்புறம் மூணு வாரத்துக்கு ஒருக்க மதுரைக்கு வந்து மருந்து ஏத்தணும், எட்டு தடவ. மீனாட்சிக்கு வேண்டுதல்னு சொல்லிட்டு வந்தோம். ஊரே என்னையப் பெரிய பக்தைன்னு நெனச்சிருச்சு. பச்சத்தண்ணி பட்டா கையில கரண்ட் அடிக்கும், கொடத்தத் தொட முடியாது. மாத்திர தின்னு உள்ளங்கை கருத்து, தோலு உரிஞ்சு, ரேக அழிஞ்சு போச்சு. ரேஷன் கடை மிஷின்ல விரல வச்சா யாருன்னு தெரியலங்குது. சோப்பு ஒத்துக்கலன்னு அதுக்கும் ஒரு பொய். அந்தக் கையாலதான் கல்யாணத்துல எல்லாருக்கும் பன்னீர் தெளிச்சேன். கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. மாப்பிள்ள கார்த்தீசன் தங்கமான பையன், சம்பந்தியம்மா மதினி மதினின்னு உசிர விடுது. நான் செஞ்சது தப்பா? சொல்லு, தப்பா? ரெண்டு வருஷம் ஒழுங்காப் போயிக் காட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் அங்க ரத்தம் எடுக்குற எடத்துல சம்பந்தியம்மாவோட தங்கச்சி மக வேலைக்குச் சேந்துட்டா. என்ன அத்த இங்கன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? வாசல் வரைக்கும் போயிட்டு கண்ணாடி வழியா அவளப் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டேன். அதோட போகல. நாலு வருஷம் ஆச்சு.

போன் அடிக்குது. அவருதான். "என்ன, உள்ள போயாச்சா?" "இல்ல, இன்னும் மூணு பேரு." "சாப்ட்டியா?" "ம்." இழுக்குறாரு. கேக்க வந்தது அது இல்லன்னு எனக்குத் தெரியாதா. "புஷ்பம்... அத... அந்தப் பழசச் சொல்லிருவோமா?" எத்தன வருஷம் கழிச்சு இந்த மனுஷன் ஒரு யோசனை சொல்றாரு, அதுவும் மக காதுக்குப் பக்கத்துல நான் உக்காந்திருக்குறப்ப. "பக்கத்துல ஆளிருக்கு"ன்னேன். "ஓ. சரி சரி. நீ எப்படிச் சொல்றியோ." எப்பவும் இதேதான். நீ எப்படிச் சொல்றியோ, நீ எப்படிச் சொல்றியோ. ஒரு தடவயாவது இப்படித்தான் செய்யணும்னு அதட்டியிருந்தா நான் இந்த நாலு வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன்ல? போயிருக்க மாட்டேன். அதுவும் எனக்குத் தெரியும். சும்மா கோவத்த எறக்கி வைக்க ஒரு ஆளு வேணும். "அப்பாவா? என்னவாம்?"ங்குறா சுபா. "ஒண்ணுமில்ல, சாப்ட்டியான்னு கேக்குறாரு." "இப்படிப் பயந்தா எப்படி, வந்திருக்கலாம்ல." "லோடு இருக்குடீ, சாத்தூருக்கு." அதுவும் பொய்யோ என்னமோ. இப்பல்லாம் எது பொய்னு எனக்கே தெரிய மாட்டேங்குது.

பதினஞ்சு உள்ள போயாச்சு. இப்பத்தான். இப்ப இவள அனுப்புனா கீழ போயி, காப்பி வாங்கி, ஏறி வர்றதுக்குள்ள நான் உள்ள போயி நாலே வார்த்தைல சொல்லிட்டு, என் மகளுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர்னு கால்ல விழுந்தாவது கேட்டுக்கலாம். அவங்க மனசுக்குள்ள வச்சுக்க மாட்டாங்களா என்ன. "சுபா, தல வலிக்குது. கீழ போயி ஒரு காப்பி வாங்கிட்டு வாடீ." "உள்ள போயிட்டு வந்து குடிக்கலாம்மா." "இல்லடீ, இப்பவே வேணும், கண்ண இருட்டுது." நெத்தியத் தொட்டுப் பாக்குறா. பையத் தொறந்து பிஸ்கட்ட எடுத்துக் குடுக்குறா, சுகர் எறங்கிருக்கும்னு. "போடீன்னா போயேன்." "நான் போக மாட்டேன். உன்னையத் தனியா விட்டா நீ டாக்டர்கிட்ட ஒழுங்காச் சொல்ல மாட்ட. வலிக்குதான்னு கேட்டா பரவால்லம்ப. எனக்குத் தெரியாதா உன்னைய." எனக்குத் தெரியாதா உன்னையவாம். அடி பாவி மகளே. எனக்கு அழுகை வந்துருச்சு, முந்தானைய வாயில வச்சு அடக்கிட்டேன். அவ வலிக்குதுன்னு நெனச்சு என் முழங்கையத் தாங்கிப் புடிச்சுக்கிட்டா. சின்னப் பிள்ளைல நான் அவளப் புடிச்ச மாதிரியே புடிக்குறா. சொல்லல. சரி, முடிவு பண்ணியாச்சு, சொல்லல. இவ முகத்த வச்சுக்கிட்டு என்னால முடியாது. சுகர்னே இருக்கட்டும். பதினாறு போயிட்டு வந்துருச்சு. பதினேழு தங்கபுஷ்பம்னு நர்ஸு கத்துது.

உள்ள ஒரே குளிரு. டாக்டரம்மாவுக்கு சுபாவ விடக் கொஞ்சம் கூட இருக்கும் வயசு. கட்டப் பிரிச்சாங்க, ரெண்டு பக்கமும் லேசா அமுக்குனாங்க, நான் அம்மான்னு கத்திட்டேன். படத்த வெளிச்சத்துல மாட்டிப் பாத்தாங்க. "எலுமிச்சம்பழம் போட்டீங்களா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. "அஞ்சு வாரம் டாக்டர்"னு சுபா போட்டுக் குடுத்தா. "எல்லாரும் அதப் போட்டுட்டுத்தான் இங்க வர்றாங்க. சரி, சுகர் வேற இருக்கு, எலும்புல சீழ் புடிச்ச மாதிரிதான் தெரியுது. உள்ள சுரண்டிச் சுத்தம் பண்ணிரலாம். நுனி கொஞ்சம் எடுக்க வேண்டி வரலாம், பயப்படாதீங்க." ஐயோ, எம்புட்டு லேசாச் சொல்லிட்டாங்க. சீழு, சுரண்டுனா போச்சு. நுனி போனாப் போகட்டும், எடது கையால தாள் அடுக்கப் பழகிக்கிறேன். பாத்தியா, டாக்டரே சுகர்னு சொல்லியாச்சு. நான் ஒண்ணும் மறைக்கல, அவங்களாச் சொன்னது. ஒடம்பெல்லாம் லேசான மாதிரி இருக்கு. டாக்டரம்மா பாரத்தப் பெரட்டுறாங்க. "கர்ப்பப்பை எதுக்கும்மா எடுத்தாங்க? கட்டி ஏதாவது இருந்துச்சா?" என்னையத்தான் கேட்டாங்க. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள சுபா ஆரம்பிச்சுட்டா. "அதெல்லாம் இல்ல டாக்டர். ரத்தப்போக்கு. மூணு மாசம் நிக்கவே இல்ல, அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. எடுத்ததுக்கப்புறம் டெஸ்டுக்கு அனுப்புனாங்க, கெட்ட கட்டி எதுவும் இல்லன்னு ரிப்போர்ட் வந்துருச்சு." வரிக்கு வரி நான் சொன்னதுதான். அந்த மூணு மாசம்ங்கிறது கூட நான் சொன்ன கணக்குதான். கூட இருந்து பாத்தவ மாதிரி சொல்றா, என்மேல பரிதாபப்பட்டுச் சொல்றா, டாக்டரம்மா தலைய ஆட்டிக்கிட்டு அத எழுதப் போறாங்க. நான் சொன்னப்ப கூசல எனக்கு. இவ வாயில கேட்டப்ப கூசிப் போச்சு.

"கர்ப்பப்பை இல்ல டாக்டர்"னேன். என் கொரல் எனக்கே யாரோ பேசுற மாதிரி கேக்குது. "அது பெருங்குடல்ல கேன்சரு. ஆறு வருஷம் ஆச்சு. வெட்டி எடுத்தாங்க, மருந்து ஏத்துனாங்க. நாலு வருஷமா நான் எங்கயும் போயிக் காட்டல." பேனா நின்னுருச்சு. சுபா பக்கம் நான் திரும்பல. என் முழங்கையில இருந்த அவ கை அப்படியே இருக்கு, எடுக்கவும் இல்ல, அழுத்தவும் இல்ல. "இது விரலுக்கெல்லாம் வருமா டாக்டர்?" "ரொம்ப ரொம்ப அபூர்வம்மா. நான் இதுவரைக்கும் ஒண்ணு கூடப் பாத்ததில்ல. ஆனா வரவே வராதுன்னு சொல்ல முடியாது. சுரண்டுறதுக்கு முன்னாடி துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிரணும், ஒடம்பு முழுக்க ஒரு ஸ்கேன் எடுக்கணும். இப்பவாவது சொன்னீங்களே." திட்டல. திட்டியிருந்தாத் தேவலை. "உங்களுக்கு எத்தன வயசுல வந்துச்சு?" "ஐம்பத்தொண்ணு." "உங்க வீட்டுல வேற யாருக்காவது குடல்ல வந்திருக்கா? அப்பா, அம்மா?" "எங்கம்மா வயித்து வலிலயே போய்ட்டா டாக்டர். என்னன்னு யாரும் பாக்கல." "அப்ப அவங்களுக்கு என்ன வயசு?" "நாப்பத்தி நாலு." எழுதுனாங்க. எழுதி முடிச்சுட்டுத் தலையத் தூக்குனாங்க. என் விரலப் பாக்கல, என்னையும் பாக்கல. எனக்குப் பக்கத்துல பாத்தாங்க. "உங்க வயசு என்னம்மா?" "இருபத்தொன்பது"ன்னா சுபா. அப்புறம், "என் வயசு எதுக்கு டாக்டர்?"ன்னா. கேட்டது டாக்டர, பாத்தது என்னைய. டாக்டரம்மா நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டு பேச வாயெடுத்தாங்க. "நீங்க இருங்க டாக்டர், நானே சொல்றேன்"னு சொல்லிட்டு நான் என் மகள் பக்கம் திரும்புனேன்.